காபன் நனோகுழாய் வளர்ப்பு: கொழும்பு ஆய்வுகூடங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழாய் உலை ஒன்றும் இரண்டு மூன்று வாயுச் சிலிண்டரும் வைத்துக்கொண்டு, பற்றரிக்கோ சூப்பர் கபாசிற்றருக்கோ நனோகுழாய் வளர்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. நனோகுழாய் என்பது காபன் அணுக்களாலான, நனோமீற்றர் கணக்கில் விட்டமுள்ள நுண்குழாய்; ஒரே சுவர் உள்ளது ஒற்றைச்சுவர், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர் உள்ளது பலசுவர். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் பாகையில். வாயு ஓட்டம் நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் என்ற கணக்கில்.

உயரமாக வளர்ந்தால் நல்ல விளைச்சல்தானே?

இல்லை. ஒரு சதுர சென்ரிமீற்றர் சிலிக்கன் துண்டில் 1 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குழாய்கள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன என்று வைப்போம். நுணுக்குக்காட்டியில் அடர்ந்த காடு. ஆனால் அந்தக் காட்டின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.03 கிராம் அளவுதான். மிச்சம் 97 வீதம் வெறும் வெளி. தராசில் போட்டால் 3 மில்லிகிராம். ஒரு நாணயப் பற்றரி மின்வாய் பூசவே அது காணாது.

ஆகவே மூன்று எண்களை எழுதி வையுங்கள்: ஒரு கிராம் ஊக்கிக்கு (குழாயை வளரவைக்கும் இரும்பு போன்ற பொருள்) எத்தனை கிராம் குழாய், உள்ளே விட்ட காபனில் எத்தனை வீதம் குழாயாக நின்றது, ஒரு கிராமுக்கு எத்தனை அலகு மின்சாரம். மூன்றாவதை எவரும் எழுதுவதில்லை. உலை 4 மணித்தியாலத்தில் 4 அலகு இழுத்து 1.5 கிராம் தந்தால் கிராமுக்கு 2.7 அலகு. சக்திச் சேமிப்புக்கான பொருளைச் செய்யும்போது இதை மறைத்துவிட்டு அறிக்கை எழுதுவது சரியல்ல.

எந்த முறையில் தொடங்குவது?

தேவையைப் பார்த்து. நெட்டுக்குத்தான காடு வேண்டுமென்றால் (மின்வாய்த் தகட்டில் நேரடியாக வளர்ப்பது, வெப்பம் கடத்தும் இடைத்தாள்) நிலையான ஊக்கிப் படலம். பல கிராம் தூள் வேண்டுமென்றால் மக்னீசியம் ஒட்சைட்டில் ஏற்றிய இரும்பு. உலையும் சிரிஞ்ச் பம்பும் தவிர வேறு கருவி இல்லையென்றால் பெரோசீன் (இரும்பு கொண்ட காபன் சேர்மம்)–தொலுயீன் கரைசலைச் சொட்டவிடும் மிதக்கும் ஊக்கி முறை. முதன்முறை செய்பவருக்குக் கடைசியதுதான் நல்லது. படலம் பூசும் கருவிக்காக மாதக்கணக்கில் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

பெரோசீன் முறைக்கு அளவுகள் சொல்லுங்கள்.

உள்விட்டம் 45 மில்லிமீற்றர், நீளம் 1 மீற்றர் குவாட்ஸ் குழாய். 1 கிராம் பெரோசீனை 50 மில்லிலீற்றர் தொலுயீனில் கரையுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் தெளிவாக நிற்கும், அடியில் தூள் தங்கினால் வடிகட்டுங்கள். ஆகனை நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றராக 20 நிமிடம் விட்டுக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியபின் உலையை 780 பாகைக்கு ஏற்றுங்கள். பிறகு ஐதரசனை நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றராகத் திறந்து, கரைசலை மணிக்கு 6 மில்லிலீற்றர் செலுத்துங்கள். 60 நிமிடம். பம்பை நிறுத்துங்கள், ஐதரசனை மூடுங்கள், 100 பாகைக்குக் கீழே இறங்கும்வரை ஆகனை நிறுத்தாதீர்கள். சூட்டோடு திறந்தால் புதிதாகப் பிறந்த நுண் இரும்பு காற்றுப் பட்டுக் கனல ஆரம்பிக்கும்.

ஊசி நுனி நிற்கும் இடம்தான் எல்லாம். தொலுயீன் 111 பாகையில் கொதிக்கும். பெரோசீன் 173இல் உருகி 249இல் கொதிக்கும். நுனி 130 பாகைப் பகுதியில் இருந்தால் தொலுயீன் மட்டும் பறந்துவிடும், பெரோசீன் செம்மஞ்சள் ஊசிகளாகக் குழாய்ச் சுவரில் படியும், உலைக்குள் ஊக்கி போகாது. நுனியை உலை நடுவுக்குத் தள்ளினால் ஊசித் துவாரத்திலேயே கரி அடைக்கும். 200 முதல் 220 பாகை வரும் இடத்தைத் தெர்மோகப்பிளை உள்ளே விட்டு அளந்து, ஊசியில் ஒரு கோடு கீறி வையுங்கள்.

கணக்கு: 6 மில்லிலீற்றர் தொலுயீன் 5.2 கிராம், பெரோசீனின் காபனையும் சேர்த்தால் உள்ளே போகும் காபன் 4.8 கிராம். பெரோசீன் 120 மில்லிகிராம், அதில் 30 வீதம், அதாவது 36 மில்லிகிராம், இரும்பு. சுவரிலிருந்து 1.5 கிராம் சுரண்டி எடுத்தால் காபனில் 30 வீதம் குழாயாகியிருக்கிறது. இரும்பு முழுதும் அதிலேயே இருந்தால் எடையில் 2.4 வீதம். 30 சென்ரிமீற்றர் சூட்டுப் பகுதியில் வாயு தங்கும் நேரம் 13 செக்கன்தான், ஏனென்றால் அந்தச் சூட்டில் வாயு ஏறத்தாழ நான்கு மடங்கு விரிந்துவிடும். வாயு ஓட்டத்தைக் கூட்டினால் இந்த நேரம் இன்னும் சுருங்கி, காபன் தொட்டும் தொடாமலும் வெளியே போய்விடும்.

நீராவி சேர்த்தால் குழாய் நீளமாக வளரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2004இல் யப்பானில் கென்ஜி ஹட்டாவின் குழு, எதிலீனுடன் மிகச் சிறிதளவு நீராவி சேர்த்து 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீற்றர் உயர ஒற்றைச்சுவர்க் குழாய்களை வளர்த்தது. குழாய் நின்றுபோவதற்குப் பெரிய காரணம், ஊக்கித் துணிக்கையின்மேல் ஒழுங்கற்ற காபன் தோலாகப் படிந்து அதை மூடிவிடுவது. நீர் அந்தத் தோலை எரித்து எடுக்கிறது. கூடினாலோ இரும்பையே ஒட்சைட்டாக்கி அணைத்துவிடும்.

சிலிக்கன்மேல் 10 நனோமீற்றருக்குக் குறையாத அலுமினா, அதன்மேல் 1 நனோமீற்றர் இரும்பு. 750 பாகையில் ஆகனும் ஐதரசனும் கொடுத்துச் சில நிமிடம் வைத்தால் இரும்புப் படலம் துளித்துளியாக உடையும். பிறகு ஆகன் 500, ஐதரசன் 400, எதிலீன் 100, மொத்தம் 1000. இதில் நீராவி பத்து இலட்சத்தில் 150 பங்கு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 0.15 மில்லிலீற்றர் ஆவி தேவை.

ஆகனின் ஒரு சிறு கிளையை நீர்ப் புட்டி வழியாக விட்டுத்தான் இதைச் சேர்ப்பார்கள். புட்டி 20 பாகையில் இருந்தால் 6.3 மில்லிலீற்றர் ஆகன் போதும். ஏசி நின்று அறை 30 பாகைக்கு ஏறினால் அதே நீருக்கு 3.4 போதும், நீங்கள் 6.3ஐ மாற்றாமல் விட்டிருந்தால் நீர் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். "நேற்று வளர்ந்தது, இன்று வளரவில்லை" என்ற முறைப்பாட்டில் பாதிக்கு இதுதான் விடை. மருந்து மலிவு: புட்டியை ஐஸ் போட்ட வாளிக்குள் வையுங்கள். 0 பாகையில் 25 மில்லிலீற்றர் ஆகன் வேண்டியிருக்கும். 50 வரை காட்டும் ஓட்டமானிக்கு 6ஐவிட 25ஐப் பிடித்து வைப்பது எளிது, ஐஸ் உருகி முடியும்வரை வெப்பநிலையும் அசையாது.

கொழும்பின் ஈரப்பதன் உண்மையிலேயே பாதிக்குமா? குழாய் மூடித்தானே இருக்கிறது?

30 பாகை, 80 வீத ஈரப்பதன் உள்ள காற்றில் நீராவி பத்து இலட்சத்தில் 33,000 பங்குக்கு மேல். 1000 மில்லிலீற்றர் ஓட்டத்தில் அறைக் காற்று வெறும் 10 மில்லிலீற்றர் கலந்தாலே நீராவி 330 பங்கு, கூடவே ஒட்சிசன் 2,000 பங்கு. நீங்கள் கவனமாக அளந்து விட்ட 150 எந்த மூலைக்கு?

சிலிக்கோன் இறப்பர்க் குழாய் நீராவியைச் சுவர் வழியாகவே உள்ளே விடும். நைலோனும் ஈரம் குடிக்கும். துருப்பிடிக்காத உருக்கு அல்லது டெப்லோன் குழாய் போடுங்கள். சுத்தமான குவாட்ஸ் குழாயும் திறந்து வைத்தால் சுவரில் நீரை ஒட்டிக்கொள்ளும். ஆகனில் 200 பாகையில் அரை மணி வைத்துவிட்டு மேலே ஏற்றுங்கள். கசிவு பார்க்க: வெளிவாயை மூடி, 0.2 பார் மேலமுக்கம் ஏற்றி, 10 நிமிடம் மானியைப் பாருங்கள். முள் இறங்கினால் சவர்க்கார நீர்.

வெளிவாயில் எண்ணெய்க் குமிழிப் புட்டி வைப்பவர்கள் குழாய்க்கும் அதற்கும் நடுவில் ஒரு வெறும் புட்டி வைக்க மறக்கிறார்கள். உலை குளிரும்போது வாயு சுருங்கும். ஆகன் குறைவாக இருந்தால் எண்ணெய் நேரே குழாய்க்குள் ஏறிவிடும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது?

ஊக்கி சாகும்வரை, அதற்குமேல் வேண்டாம். காட்டின் வளர்ச்சி தொடக்கத்தில் வேகமாகி, பிறகு அடுக்குக்குறித் தேய்வாகக் குறையும். ஆரம்ப வேகம் நிமிடத்துக்கு 100 மைக்கிரோமீற்றர், ஊக்கியின் ஆயுள் மாறிலி 10 நிமிடம் என்றால் எட்டக்கூடிய உச்சம் 1 மில்லிமீற்றர். 10 நிமிடத்தில் அதில் 63 வீதம், 20இல் 86, 30இல் 95. ஒரு மணித்தியாலம் ஓட்டுபவர் கடைசி அரைமணியில் எரிவாயுவைக் கூரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார், போதாததற்குக் குழாய்களின்மேல் கரியையும் பூசிக்கொண்டிருக்கிறார். 5, 10, 20 நிமிடம் என்று மூன்று ஓட்டம் செய்தால் உங்கள் உலைக்கான இரண்டு எண்களும் கிடைக்கும்.

ஒன்றுமே வளரவில்லை. எங்கே பார்ப்பது?

துண்டு பளபளப்பாகவே வெளியே வந்ததா, கறுத்து வந்ததா? பளபளப்பு என்றால் ஊக்கி வேலை செய்யவே இல்லை: கசிவினால் இரும்பு ஒட்சைட்டாக நின்றிருக்கும், அல்லது அலுமினா படலம் இல்லாமல் இரும்பு சிலிக்கனுக்குள் இறங்கிச் சிலிசைட்டாகியிருக்கும். கறுப்பு மண் போலத் துடைத்தால் வருகிறது என்றால் காபன் கூடிவிட்டது, எதிலீனைப் பாதியாக்குங்கள். குழாயின் குளிர்ந்த முனையில் பழுப்புத் தார் ஒழுகியிருந்தால் சூடு அதிகம், 30 பாகை இறக்குங்கள்.

ஐதரசனில் நீண்ட நேரம் வைத்ததும் ஒரு காரணமாகலாம். சிறு துளிகள் கரைந்து பெரிய துளிகளில் சேரும், கொஞ்சம் அலுமினாவுக்குள்ளும் இறங்கும். பெரிய துளியில் தடித்த பலசுவர்க் குழாய்தான் வரும், சில நேரம் அதுவும் வராது.

எதிலீன் விலை கட்டுபடியாகவில்லை. வெல்டிங் அசற்றலீன், சமையல் வாயு, கற்பூரம்?

அசற்றலீன் நன்றாக வேலை செய்யும், எதிலீனைவிடக் குறைந்த சூட்டிலும். ஆனால் வெல்டிங் சிலிண்டருக்குள் அது அசற்றோனில் கரைந்து இருக்கிறது. சிலிண்டர் காலியாகக் காலியாக அசற்றோன் ஆவி கூடும், விளைச்சலும் நாளுக்கு நாள் மாறும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் குளிர்பொறி ஒன்று வையுங்கள். செப்புக் குழாயில் அசற்றலீனை ஒருபோதும் விடாதீர்கள். செப்பு அசற்றலைட்டு தட்டினாலே வெடிக்கும். 1 பாருக்குமேல் மேலமுக்கமும் கூடாது.

சமையல் வாயுவில் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் நிலையானதல்ல. 2021 இறுதியில், சமையல் வாயு வெடிப்புகளையடுத்து, நாடே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. மணத்துக்காகச் சேர்க்கும் மேர்கப்ரானில் கந்தகம் உண்டு, படல ஊக்கிக்கு அது நஞ்சு. மிதக்கும் ஊக்கியில் மட்டும் துளி கந்தகம் நன்மை செய்யும். அங்கே வேண்டுமென்றே தயோபீன் சேர்ப்பவர்கள் உண்டு.

கற்பூரம் விளையாட்டல்ல, எடையில் 79 வீதம் காபன். பெரோசீனுடன் கலந்து ஆவியாக்கி நல்ல பலசுவர்க் குழாய் எடுக்கலாம். செட்டியார் தெருவில் வாங்கும் பூசைக் கட்டி கலப்பில்லாததா என்று உருகுநிலை பாருங்கள், 175 முதல் 177 பாகை வரவேண்டும். குளிர் முனையில் மீண்டும் படிந்து வெளிவாயை அடைக்கும் குணம் அதற்கு உண்டு, அந்த முனையை நாடா ஹீற்றரால் சூடாக வைத்திருங்கள்.

தூள் ஊக்கி எப்படிச் செய்வது?

10 கிராம் மக்னீசியம் ஒட்சைட்டுக்கு 0.5 கிராம் இரும்பு வேண்டும். ஒன்பது நீர் மூலக்கூறு கொண்ட இரும்பு நைத்திரேற்றில் இரும்பு 13.8 வீதம், ஆகவே 3.6 கிராம். நீரில் கரைத்து, ஒட்சைட்டைப் போட்டுக் கிளறி, 110 பாகையில் உலர்த்தி, காற்றில் 450 பாகையில் 3 மணி சுட்டு, அரைத்துச் சல்லடையில் இடுங்கள். சுடும்போது பழுப்பு நைதரசன் ஈரொட்சைட்டு வரும், புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள். திறந்த போத்தலிலிருக்கும் இந்த நைத்திரேற்று நம் காற்றில் ஒரே வாரத்தில் களியாகிவிடும். அதை நிறுத்தால் பாதி நீரையும் சேர்த்து நிறுக்கிறீர்கள்.

வளர்ந்தபின் ஒட்சைட்டைக் கரைக்க, ஒவ்வொரு கிராமுக்கும் 4 மோலர் ஐதரோகுளோரிக் அமிலம் 12.5 மில்லிலீற்றர் கணக்குப்படி போதும், 25 ஊற்றுங்கள். வடிநீர் நடுநிலையாகும்வரை அயன் நீக்கிய நீரால் கழுவுங்கள். அமிலம் வெளியே தெரியும் இரும்பைத்தான் எடுக்கும், காபன் ஓட்டுக்குள் மூடுண்ட துளி அப்படியே இருக்கும்.

மின்வாய்த் தகட்டிலேயே நேரடியாக வளர்க்கலாமா?

அலுமினியத் தாள் 660 பாகையில் உருகும். 600ஐ ஒட்டி அசற்றலீனோடு வளர்க்க வேண்டும், உலையின் கட்டுப்பாட்டுக் கருவி 20 பாகை மேலே தாண்டினால் தாள் தொய்ந்துவிடும். செம்பில் இரும்பு உள்ளே இறங்கிவிடும், நடுவே தடைப் படலம் இல்லாமல் முயல வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கு வலையில் வளர்ப்பது எளிது: காற்றில் சுட்டு மேற்பரப்பைக் கரடாக்கி, பிறகு ஐதரசனில் ஒடுக்கினால் உருக்கின் இரும்பே ஊக்கியாகும்.

பற்றரிக்கும் சூப்பர் கபாசிற்றருக்கும் எவ்வளவு சேர்ப்பது?

இலிதியம் அயன் பற்றரியின் நேர்மின்வாயில் 2 முதல் 3 வீதம் காபன் கறுப்பு செய்யும் கடத்தலை 0.5 முதல் 1 வீதம் பலசுவர்க் குழாய் செய்யும். மிச்ச இடம் செயற்படு பொருளுக்கு. குழாய்கள் கட்டியாக நின்றால் அந்த இலாபம் போய்விடும். பீ.வி.பீ. (பொலிவினைல்பிரோலிடோன் என்ற பரப்பும் பொருள்) சேர்த்து கரைப்பானில் பரப்பிய பின்னரே மின்வாய்க் குழம்பில் கலக்குங்கள். மீயொலியில் மணிக்கணக்காக வைத்தால் குழாய்கள் துண்டாகும்.

இரும்பு எச்சம் இங்கே வெறும் தூய்மைப் பிரச்சினை அல்ல. நேர்மின்வாயில் கரையும் இரும்பு எதிர்ப்பக்கம் போய்ப் படிந்து, பிரிப்பானைத் துளைத்துக் குறுஞ்சுற்று ஏற்படுத்தும். மேலே சொன்ன 2.4 வீத இரும்புத் தூளைக் கழுவாமல் பற்றரியில் போடவே கூடாது.

சூப்பர் கபாசிற்றருக்கு முழுதும் நனோகுழாய் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூடிய ஒற்றைச்சுவர்க் குழாயின் மேற்பரப்பு கொள்கையளவில் கிராமுக்கு 1,315 சதுர மீற்றர். பலசுவர் பெரும்பாலும் சில நூறுக்குள். சிரட்டையிலிருந்து செய்யும் அக்டிவேற்றட் காபன் பலசுவரைச் சாதாரணமாகத் தாண்டும், அது இந்த நாட்டிலேயே ஏற்றுமதித் தரத்தில் கிடைக்கிறது. அதில் 5 வீதம் நனோகுழாய் கலந்தால் கொள்ளளவம் சிரட்டைக் கரியிலிருந்து வரும், வேகம் குழாயிலிருந்து வரும்.

தரத்தை எப்படி அறிவது?

இராமன் நிறமாலையில் (எண்கள் சென்ரிமீற்றருக்கு இத்தனை அலை என்ற கணக்கில்) 1,580ஐ ஒட்டிய ஜி பட்டையையும் 1,350ஐ ஒட்டிய டி பட்டையையும் ஒப்பிடுங்கள். டி உயர்ந்தால் குறைபாடு கூட. 100 முதல் 350 வரை கூர்முனை வந்தால் ஒற்றைச்சுவர் உண்டு, 248ஐ அந்த எண்ணால் பிரித்தால் விட்டம் நனோமீற்றரில். 200இல் முனை என்றால் 1.24.

காற்றில் வெப்ப எடைப்பகுப்பு இன்னும் நேர்மையானது. 400 பாகைக்கு முன்பே எடை இறங்கினால் ஒழுங்கற்ற கரி. பலசுவர்க் குழாய் 550க்குமேல்தான் எரியும். கிண்ணத்தில் மிஞ்சும் செந்தூள் இரும்பு ஒட்சைட்டு, 3.4 வீதம் மிஞ்சினால் 1.43ஆல் பிரியுங்கள், 2.4 வீதம் இரும்பு.

பொகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயத்திலிருந்து (கிராபைற்று) நேரடியாக எடுக்கலாமா?

இந்த உலையில் முடியாது. இங்கே காபன் வாயுவாக வரவேண்டும். காரீயக் கோலுக்கிடையில் மின்வில் மூட்டும் முறையில் முடியும், 1991இல் சுமியோ இஜிமா பார்த்த குழாய்கள் அப்படி வந்தவைதான். ஆனால் மின்சாரம் அதிகம், கரியும் கலந்து வரும். நம் காரீயத்துக்குக் கிராபீன் ஒட்சைட்டே பொருத்தமான வழி.

ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் போனால்?

2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுதும் இருண்டதே, அதை நினைத்துத் திட்டமிடுங்கள். மின் ஓட்டமானிகள் மின் நின்றதும் மூடிவிடும், ஆகனும் சேர்ந்து நிற்கும். 780 பாகைக் குழாய்க்குள் ஐதரசனும் தொலுயீன் ஆவியும் அடைபட்டு, குளிரும்போது காற்றை இழுக்கும். ஐதரசன் காற்றில் 4 முதல் 75 வீதம் வரை தீப்பற்றும். ஆகனுக்கு மட்டும், மின் போனால் தானாகத் திறக்கும் வால்வு வைத்த தனிக் கிளை போடுங்கள். ஓட்டமானிக்கு யூ.பீ.எஸ். போதும், உலைக்கு வேண்டாம்.

முகக்கவசம் போதுமா?

சத்திரசிகிச்சைக் கவசம் போதாது. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013இல் பரிந்துரைத்த எல்லை, 8 மணி நேரச் சராசரியாகக் கன மீற்றருக்கு 1 மைக்கிரோகிராம். கண்ணுக்குத் தெரியும் தூசி என்றால் அதை எப்போதோ தாண்டிவிட்டது. பலசுவர்க் குழாயில் ஒரு வகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. சுரண்டும்போது மின்னேற்றத்தால் கரும்பஞ்சு கையுறையில் ஏறி ஒட்டும். அதை உதறாமல், ஐசோபுரொப்பனோல் நனைத்த துணியால் துடைத்து, துணியையும் மூடிய போத்தலில் போடுங்கள். வெளிவாயில் பென்சீனும் இருக்கும், தொலுயீனும் ஐதரசனும் இந்தச் சூட்டில் அதைத் தரும். அந்தக் குழாய் புகைக்கூண்டுக்குள் முடியட்டும், யன்னலில் அல்ல.

குவாட்ஸ் குழாயைச் சுத்தம் செய்வது?

தளர்ந்ததை ஈரத்தோடு எடுத்துவிட்டு, காற்றில் 800 பாகையில் ஒரு மணி. சுவரில் செந்நிறம் மிஞ்சும், அது இரும்பு. சூடான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவிட்டால் போகும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், விரல் வியர்வையின் உப்புப் பட்ட இடத்தில் அடுத்த சூட்டில் குவாட்ஸ் வெண்மையாகிச் செதில் செதிலாக உரியும். படல ஊக்கிக்கென்று ஒரு குழாயைத் தனியாக வைத்திருங்கள்; பெரோசீன் ஓடிய குழாயில் சுவர் இரும்பே எதிலீனைத் தின்றுவிடும்.